போஸ்ட்கார்டு போட்டா ஜெயில் கதவு திறக்குமா?

11 ஜூன் 2024 – கேள்வி, கும்பகோணம் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்

உள்ள கெடக்குற அரசியல் கைதிங்களை விடச் சொல்லி பத்தாயிரம் போஸ்ட்கார்டு ஜனாதிபதிக்கு அனுப்பப் போறோம்னு எங்க ஊர்ல வீடு வீடா வர்றாங்க. ராஜீவ் காந்தி கொலைக் கேஸ்ல உள்ள இருந்த பேரறிவாளனுக்கு 31 வருஷம் கூட்டம் போட்டாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க, கடைசில விட்டது கோர்ட்டுதான். வெளிய நின்னு கத்துனவங்களால என்ன ஆச்சு? காசும் நேரமும் தண்டம்தானே?

12 ஜூன், காலைல

தண்டம்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க. 2018 வரைக்கும் நானும் அதே பேச்சுதான். மன்னார்குடில கோர்ட்டுக்குப் பக்கத்துல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன், பத்தொம்பது வருஷம் ஆச்சு. பட்டா மனு, முதியோர் பென்ஷன் மனு, விடுதலை பண்ணக் கோரும் மனு எல்லாம் எனக்கு ஒண்ணுதான், பக்கத்துக்கு இவ்வளவு காசு, அவ்வளவுதான்.

ஜனாதிபதி மாளிகைல மூட்டை மூட்டையா வர்ற கார்டை ஒருத்தர் உக்காந்து படிச்சு மனசு எளகுவார்னு நானும் நம்பலை. ஆனா கோர்ட்டுதான் விட்டுச்சுங்கறீங்க பாருங்க, அது பாதிக் கதை. அவருக்கு 2011 செப்டம்பர் 9 தூக்குன்னு தேதியே குறிச்சாச்சு. ஆகஸ்ட் 28 காஞ்சிபுரத்துல செங்கொடிங்கற பொண்ணு தீக்குளிச்சு செத்துச்சு (இதைப் பெருமையா எழுதறேன்னு யாரும் எடுத்துக்காதீங்க, நெனச்சா இன்னும் வயித்தைப் பெசையுது). 30ஆம் தேதி மெட்ராஸ் ஹைகோர்ட்டு எட்டு வாரம் தடை குடுத்துச்சு, அன்னைக்கே சட்டசபைல தீர்மானம். அந்தத் தடை மட்டும் கிடைக்கலைன்னா, கருணை மனுவை 11 வருஷம் கெடப்புல போட்டது தப்புன்னு சொல்லி சுப்ரீம் கோர்ட்டு 2014 பிப்ரவரி 18 தூக்கை ஆயுளா மாத்துனப்ப, மாத்துறதுக்கு ஆளே இருந்திருக்காது. கோர்ட்டு கதவு திறக்கற வரைக்கும் ஆளை உயிரோட வச்சிருக்கணும்ல, அதை யார் பண்ணுனா?

12 ஜூன், ராத்திரி

இன்னைக்கு மேட்டூர் திறக்க வேண்டிய நாள். அணைல தண்ணி இல்லன்னு திறக்கல. கடைல ஆளே இல்ல, அதான் இவ்வளவு எழுதுறேன்.

ஒரு திருத்தம். 31 வருஷம்னு கேள்வில இருந்ததை நான் அப்படியே விட்டுட்டேன். கைதானது 1991 ஜூன் 11, அதாவது நீங்க கேள்வி போட்ட அதே தேதி. ஜாமீன் 2022 மார்ச் 9, விடுதலை 2022 மே 18. கூட்டிப் பாத்தா 30 வருஷம் 11 மாசம் 7 நாள். எங்க தொழில்ல தேதியை ரவுண்டு பண்ணக் கூடாது, ஜெயில்ல இருக்கவனுக்கு அதைவிடக் கூடாது.

15 ஜூன்

எதிர்பாத்த மாதிரியே ரெண்டு பேர் வந்துட்டாங்க. "அது கொலைக் கேஸு, முன்னாள் பிரதமரைக் கொன்ன கேஸு, அரசியல் கைதின்னு யார் சொன்னது"ன்னு. நியாயமான கேள்விதான். அன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர்ல அவரோட சேந்து செத்தவங்க வீட்டுலயும் அழுதுட்டுத்தானே இருக்காங்க. அந்தக் கேஸ்ல உள்ள இருந்த ஏழு பேரையும் ஒரே கூடைல போட்டு தியாகின்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்து வராது. பேரறிவாளன் விஷயத்துல எனக்கு உறுத்துனது வேற. வாக்குமூலம் எழுதுன சிபிஐ அதிகாரியே ரிட்டயர்ட் ஆனப்புறம், அந்தப் பையன் சொன்னதுல ஒரு பகுதியை எழுதாம விட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டார், 2017ல சுப்ரீம் கோர்ட்டுல அஃபிடவிட்டே போட்டார். குண்டுக்குப் போனதாச் சொன்ன பேட்டரி எதுக்குன்னு தெரியாமத்தான் வாங்கிக் குடுத்தேன்னு அவன் சொன்ன வரி. ஒரு வரியை டைப் அடிக்காம விட்டா என்ன ஆகும்ங்கறது எனக்குத் தெரியும், என் பொழப்பே அதுதானே.

சரி, அரசியல் கைதின்னா யாரு? எழுதி வச்ச விளக்கம் நம்ம ஊர் சட்டத்துல கிடையாது. மேற்கு வங்கத்துல 1992ல ஜெயில் சட்டத்துல அப்படி ஒரு பிரிவே வச்சாங்க, 2012ல மாவோயிஸ்ட் கேஸ்ல இருந்தவங்களுக்கு ஹைகோர்ட்டு அந்த அந்தஸ்தைக் குடுத்ததும் அடுத்த வருஷமே திருத்திட்டாங்க. ஆம்னஸ்டின்னு ஒரு மனித உரிமை அமைப்பு, அவங்க 1961ல ஆரம்பிச்சப்ப ஒரு கோடு போட்டாங்க, அடிதடியைக் கையில எடுக்காதவன், எடுக்கச் சொல்லாதவன், அவன்தான் மனசாட்சிக் கைதின்னு. ஒவ்வொரு குழுவும் மூணு கைதிக்கு லெட்டர் எழுதணும், ஒருத்தர் மேற்கு நாடு, ஒருத்தர் கம்யூனிஸ்ட் நாடு, ஒருத்தர் மூணாம் உலக நாடு. அப்பத்தான் ஒரு பக்கத்து ஆளுன்னு யாரும் சொல்ல முடியாதாம். ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கோட்டுனால மண்டேலாவையே அந்தப் பட்டியல்ல வச்சுக்க முடியல.

16 ஜூன்

அதே கோடுதான் நம்மகிட்டயும். 1931 மார்ச் 5 காந்தி இர்வின் ஒப்பந்தம், அடிதடி பண்ணாத சத்தியாகிரகக் கைதிங்களை எல்லாம் விட்டாங்க. மார்ச் 23 பகத்சிங்கைத் தூக்குல போட்டாங்க. நடுவுல பதினெட்டே நாள்.

20 ஜூன்

மேல பட்டுக்கோட்டை அண்ணன் ஒருத்தர் "தஞ்சாவூர் ஜில்லாவுல யாருக்கும்மா இதெல்லாம் நடந்துச்சு"ன்னு கேட்டிருக்கார். அண்ணே, உங்க ஊர்லேர்ந்து தம்பிக்கோட்டை எவ்வளவு தூரம்? எங்க அம்மா பொறந்த ஊர் அந்தப் பக்கம்தான். சின்ன வயசுல மலேயா கணபதி, மலேயா கணபதின்னு தாத்தா சொல்லுவார், நான் யாரோ கடை வச்சிருந்தவர்னு நெனச்சுட்டு இருந்தேன். பொழைக்கப் போன எடத்துல தொழிற்சங்கத் தலைவரா ஆனவர். துப்பாக்கி வச்சிருந்தார்னு கேஸு. 1949 மே 4 கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டுட்டாங்க. இந்திய அரசாங்கமே கேட்டுப் பாத்துச்சு, நடக்கல.

அதே நேரம், அதே மாதிரி துப்பாக்கிக் கேஸு, அதே தூக்கு, சாம்பசிவம்னு இன்னொரு தமிழர். அவருக்கு லண்டன் பிரிவி கவுன்சில் (அன்னைக்கு அதுதான் கடைசிக் கோர்ட்டு) வரைக்கும் அப்பீல் போனாங்க, 1950ல தண்டனையை ரத்து பண்ணிட்டாங்க. எதுனாலன்னு பாத்தா, தோட்டா வச்சிருந்த குற்றத்துலேர்ந்து அவரை முன்னாடியே விடுதலை பண்ணியாச்சு, மறுபடி துப்பாக்கிக்கு விசாரிச்சப்ப அந்த விடுதலையை யாரும் கணக்குல எடுத்துக்கல. வெள்ளைக்காரனுக்கு அவர் மேல இரக்கம் வந்து இல்லங்க. ஒரு தாளை ஒருத்தர் ஒழுங்காப் படிச்சிருக்கார். மேல்முறையீட்டுக்கு ஓடறதுக்கு ஆளும் நேரமும் இருந்திருக்கு. கணபதிக்கு அது ரெண்டும் கிடைக்கல.

1 ஜூலை

இன்னைலேர்ந்து புதுச் சட்டம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போச்சு. மன்னார்குடி வக்கீல்கள் எல்லாம் கைல புக்கை வச்சுக்கிட்டு பரீட்சைக்குப் போற பசங்க மாதிரி நடமாடறாங்க. ஆயுள் கைதிக்கு கொறஞ்சது 14 வருஷம்ங்கற 433ஏ இனிமே 475. சிபிஐ விசாரிச்ச கேஸ்ல மத்திய அரசைக் கேக்கணும்ங்கற 435 இனிமே 477. கம்ப்யூட்டர்ல வச்சிருந்த மாடல் மனு எல்லாத்தையும் மாத்தணும், நம்பர் மாத்துறதுக்கு எவன் காசு குடுப்பான்.

மாறாதது 161. கவர்னர் மன்னிக்கற அதிகாரம், அரசியல் சட்டத்துல இருக்கு. மந்திரிசபை சொன்னா கவர்னர் கேக்கணும்னு 1980லயே மாரு ராம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. ஆனா பாருங்க, 2018 செப்டம்பர் 9 மந்திரிசபை ஏழு பேரையும் விடலாம்னு அனுப்புன ஃபைல் ரெண்டு வருஷத்துக்கு மேல அங்கயே தூங்குச்சு, அப்புறம் ஜனாதிபதிதான் முடிவெடுக்கணும்னு டெல்லிக்குத் தள்ளிட்டாங்க. 2008ல அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிங்களை ஒரே வீச்சுல விட்டப்ப ஃபைல் என்னமா ஓடுச்சு.

5 ஜூலை

ஸ்டேன் சாமி பாதிரியார் செத்து இன்னையோட மூணு வருஷம். லால்குடி பக்கம் விரகாலூர்க்காரர், நம்ம கொள்ளிடத்துத் தண்ணி குடிச்சு வளந்த மனுஷன், ஜார்கண்ட்ல ஆதிவாசிங்களோடயே இருந்துட்டார். 2020 அக்டோபர் 8 கைது, 84 வயசுல மும்பைல விசாரணைக் கைதியாவே போய்ச் சேந்துட்டார். நடுக்குவாதம், டம்ளரைப் பிடிச்சா தண்ணி முழுக்க சட்டைல. ஸ்ட்ராவும் சிப்பர் கப்பும் குடுங்கன்னு கோர்ட்டுல மனு போட்டார், பதில் சொல்ல என்ஐஏ (கேஸ் போட்ட தேசியப் புலனாய்வு முகமை) 20 நாள் டைம் கேட்டுச்சு.

அப்ப ஊர் உலகத்துலேர்ந்து ஜனங்க ஆன்லைன்ல சிப்பர் ஆர்டர் போட்டு என்ஐஏ ஆபீசுக்கே அனுப்புனாங்க. நான் அதைப் பாத்து சிரிச்சேன், விளையாட்டுத்தனம்னு. அதுக்கப்புறம் ஜெயில்ல கப்பு குடுத்துட்டாங்க. அதனாலதான் குடுத்தாங்கன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஜாமீன் கடைசி வரைக்கும் கிடைக்கல.

7 ஜூலை, ஞாயித்துக்கிழமை

2018 வரைக்கும் நானும் அதே பேச்சுன்னு எழுதிட்டு நழுவிட்டேன்னு ஒரு தங்கச்சி கண்டுபுடிச்சுட்டா. சொல்றேன். எந்த ஊர், எந்த ஜில்லா, எந்த ஆபீஸ்னு மட்டும் கேக்காதீங்க, கேஸ் இன்னும் இருக்கு.

என் நாத்தனார் மகன். அப்ப இருபத்து நாலு வயசு. வயல்ல குழாய் பதிக்க மெஷினோட வந்தப்ப நாத்து நட்ட வயல்னு ஊரே குறுக்க படுத்துச்சு. அவன் நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தவன் (அடிச்சது என் கடைல இல்ல, அதுக்கும் நான் அப்ப சந்தோஷப்பட்டேன், பயந்தாங்கொள்ளி). இருபது பேரைப் பிடிச்சாங்க, பத்தொம்பது பேருக்கு ஜாமீன். இவனுக்கு ஜாமீன் வரப் போகுதுன்னு தெரிஞ்சதும் குண்டாஸ். அதுக்கு முந்தின வருஷம்தான் கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டத்துக்கு நோட்டீஸ் குடுத்த சேலம் மாணவி வளர்மதி மேல அதே சட்டம் பாஞ்சு, செப்டம்பர்ல ஹைகோர்ட்டு ரத்து பண்ணியிருந்துச்சு. அதனால இவனுக்கும் ரெண்டு மாசத்துல வந்துடும்னு நான் தெனாவட்டா சொல்லிட்டு இருந்தேன்.

1982ஆம் வருஷத்து 14ஆம் நம்பர் சட்டம். ஒரு வருஷம் உள்ள வைக்கலாம், விசாரணை கிடையாது. அஞ்சு நாளுக்குள்ள ஏன் பிடிச்சோம்னு காரணமும் பேப்பரும் கட்டா பைண்டு பண்ணி கைல குடுக்கணும். மூணு வாரத்துக்குள்ள அட்வைசரி போர்டுக்கு அனுப்பணும், அங்க வக்கீல் வாதாட முடியாது, சொந்தக்காரங்க போகலாம். நாத்தனாரும் வீட்டுக்காரரும் போனாங்க. உள்ள அஞ்சு நிமிஷம் இருந்திருப்பாங்களாம். நாத்தனார் "எம்புள்ள நல்ல புள்ளங்கய்யா"ன்னு சொல்லிட்டு வந்துருச்சு.

அப்புறம்தான் ஆட்கொணர்வு மனு. தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னா மதுரை பெஞ்சு, திருவாரூர், நாகப்பட்டினம்னா மெட்ராஸ், ஒரே வாய்க்கால் தண்ணி பாயுற வயலுக்கு ரெண்டு கோர்ட்டு. அதுக்கு டைப் செட் போடணும், அந்தக் கட்டுல இருக்கற பேப்பர் எல்லாத்தையும். நான்தான் அடிச்சேன். நவம்பர் 16 விடியக்காலம் கஜா அடிச்சு எங்க தெருவுல 22 நாள் கரண்ட் இல்ல, ஜெனரேட்டர் போட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல அடிக்கறேன். 53ஆம் பக்கம் வந்தா எழுத்தே தெரியல. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்திருக்கான், டோனரும் தீந்து போன மெஷின்ல, சாம்பல் பூசுன மாதிரி இருக்கு. கோர்ட்டு சீல் ஒரு பக்கம் பிறை மாதிரி தெரியுது, தேதி எடத்துல ஒரு கொசு அப்புன கறை. தொழில் புத்தி விடுமா, பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேன், டார்க் கூட்டி மறுபடி எடுத்தேன், பாதி வரி தேறுச்சு. பெருமையா வக்கீலுக்குப் போன் போட்டேன், "சார், 53ஐப் படிக்கற மாதிரி பண்ணிட்டேன்"னு.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. "அக்கா, அதைத் தொட்டீங்களா? புண்ணியமாப் போகும், அப்படியே விடுங்க. படிக்க முடியாததுதாங்க்கா நமக்கு வேணும்."

படிக்க முடியாத பேப்பரைக் குடுத்தா உள்ள இருக்கவன் எதை வச்சு பதில் எழுதுவான், அரசியல் சட்டம் 22(5) படி அவன் உரிமை போச்சு, உத்தரவு செல்லாது. இதான் கணக்கு. கூடவே அவனை விடச் சொல்லி அரசாங்கத்துக்கு நாங்க பதிவுத் தபால்ல அனுப்புன மனுவோட அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு, அதுல இருந்த தேதிலேர்ந்து பதில் வர எத்தனை நாள்னு சனி ஞாயிறு, தீபாவளி எல்லாம் கழிச்சு ஒரு அட்டவணை. 2019 பிப்ரவரில ரத்து. அந்தக் கார்டுதான் அவனைக் கொண்டாந்துச்சு.

8 ஜூலை

வக்கீல் சார் படிச்சுட்டார், திட்டு விழுந்துச்சு. கார்டுனால இல்லையாம். தாமதத்தைப் பத்தியும் வாதாடுனார், ஆனா உத்தரவுல 53ஆம் பக்கம் மட்டும்தான் இருக்கு, மத்ததுக்குள்ள போகத் தேவையில்லன்னு முடிச்சிருக்காங்க. பீரோலேர்ந்து எடுத்துப் பாத்தேன், அவர் சொல்றதுதான் சரி. அஞ்சு வருஷமா எல்லார்கிட்டயும் கார்டு கார்டுன்னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

14 ஜூலை

ராத்திரி எழுந்து உக்காந்து யோசிச்சது. அந்த உத்தரவுல ஒரு எடத்துலயும் வயலுக்குக் குறுக்க படுத்தது குற்றம் இல்லன்னு இல்ல. நோட்டீஸ் குடுக்கறவன் குண்டன் இல்லன்னும் இல்ல. ஜெராக்ஸ் சரியில்ல, அவ்வளவுதான். எவனோ ஒரு கிளார்க்கு புது டோனர் போட்டிருந்தா நம்ம பையன் ஆகஸ்ட் வரைக்கும் உள்ள இருந்திருப்பான். அதே காரணத்தைச் சொல்லி அருவாள் தூக்கறவனும் வெளிய வர்றான், அவன் டைப் செட்டும் என் கடைக்குத்தான் வருது, நானும் 53ஆம் பக்கத்தைத் தேடித் தேடிப் பாக்கறேன். என்னன்னு சொல்றது இதை.

29 ஜூலை

நேத்து மேட்டூர் திறந்தாச்சு! ஜூன்ல காஞ்சு கெடந்தது, கர்நாடகால மழை கொட்டுனதுல மளமளன்னு ஏறிருச்சு. கடைக்கு கூட்டம் வரும், இனிமே எழுதறது கொறையும்.

வேதாரண்யத்துத் தம்பி ஒருத்தர் உப்பு சத்தியாகிரகத்தை விட்டுட்டீங்களேன்னு கோவிச்சுக்கிட்டார். தம்பி, அதை விடுவேனா. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சிலேர்ந்து நடந்து வர்றப்ப, அவங்களுக்குச் சோறோ எடமோ குடுத்தா ஜெயில்னு கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டான். ஜனங்க என்ன பண்ணுனாங்க, சோத்துப் பொட்டலத்தை மரக்கிளைல கட்டித் தொங்க விட்டுட்டாங்க. யார் கட்டுனதுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. வைரப்பன்னு சவரத் தொழிலாளி, போலீஸ்காரருக்கு பாதி மழிச்சப்ப ஆள் யாருன்னு தெரிஞ்சு கத்தியைக் கீழ வச்சுட்டார், மிச்சத்துக்கு வர மாட்டேன்னுட்டார், ஜெயிலுக்குப் போனார். பாதி மூஞ்சியோட அந்த ஆள் ஸ்டேஷனுக்கு நடந்து போனதை நெனச்சுப் பாருங்க.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

காப்பரிசி, கருகமணி எல்லாம் முடிஞ்சுது. நாத்தனார் வீட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க, அவனும் வந்தான். போஸ்ட்கார்டு பத்தி இவ்வளவு பேசறோமேன்னு அவன்கிட்டயே கேட்டேன்.

நான் எழுதாம விட்ட ஒண்ணு இருக்கு. அவன் உள்ள இருந்தப்ப அவங்க ஊர்லயும் போஸ்ட்கார்டு போட்டாங்க, முதலமைச்சருக்கு. எங்கிட்டதான் மேட்டர் அடிச்சு வாங்குனாங்க. "அச்சடிச்ச கார்டு வேஸ்டு, கையால எழுதச் சொல்லுங்க, பேரும் கதவு நம்பரும் கட்டாயம்"னு ஒரு கிறுக்கு வாத்தியார் அடம் பிடிச்சார். பேர் போடணும்னதும் பாதிப் பேர் ஓடிட்டாங்க. 63 கார்டுதான் தேறுச்சு. ஒண்ணுக்கும் பதில் வரல.

அவன் சொன்னான், "அத்தை, குண்டாஸ் ஒடைஞ்சப்புறமும் நான் வெளிய வரலையே, ஞாபகம் இருக்கா?" ஆமா. மெயின் கேஸ்ல ஜாமீன் எடுக்கணும், ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட. கோர்ட்டுல வந்து நிக்கணும், போலீசு வீட்டுக்கு வரும். சொந்தத்துலயே மூணு பேர் உடம்பு சரியில்லன்னுட்டாங்க (ஒருத்தர் என் வீட்டுக்காரரோட அண்ணன், இதைப் படிக்கறார், படிக்கட்டும்). அப்ப வாத்தியார்தான் கார்டு எழுதுனவங்க லிஸ்டை எடுத்தார். அந்த 63 பேர்ல முதல்ல கேட்ட ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. ஒரு பாட்டி, ஒரு டீக்கடைக்காரர். பாட்டி சொன்னுச்சாம், "ஏற்கெனவே எம்பேரும் வீடும் எழுதிக் குடுத்தாச்சு, இனிமே என்னத்தை மறைக்கறது"ன்னு.

அதை நான் அப்பவும் கேட்டிருக்கேன். காதுல ஏறல, 53ஆம் பக்கத்துப் பெருமைல இருந்தேன்.

கும்பகோணத்துக்காரரே, உங்க பத்தாயிரத்தை நூறாக் கொறைங்க. கையால எழுதச் சொல்லுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி பேர், தெரு, கதவு நம்பரை ஒரு நோட்டுல ஏத்தி வச்சுக்கங்க. ஜனாதிபதிக்கே அனுப்புங்க, யாருக்கு வேணா அனுப்புங்க.

4 ஆகஸ்ட்

இன்னும் ஒண்ணு, அவன் கிளம்பறப்ப சொன்னது. கஜா முடிஞ்சு ரெண்டாம் வாரம் நான் மனு போட்டுப் பாக்கப் போயிருந்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாப்பது பேர், அந்தப் பக்கம் நாப்பது பேர், எல்லாரும் கத்தறாங்க. நான் கேஸ் பத்தி, டைப் செட் பத்தி கத்திக்கிட்டே இருக்கேன், அவன் கையை ஆட்டி ஆட்டி என்னமோ கேக்கறான், புரியவே இல்ல. நேரம் முடிஞ்சுருச்சு. நேத்துதான் சொல்றான், "தென்னை எத்தனை நிக்குதுன்னு கேட்டேன் அத்தை." பதினேழுல ரெண்டு நின்னுச்சு.

2021ல போராட்டக் கேஸுங்களை வாபஸ் வாங்குனப்ப இவன் கேஸ் அந்த லிஸ்டுல வரல, பொதுச்சொத்து சேதம்னு ஒரு பிரிவு சேந்து இருக்காம். வாய்தா செப்டம்பர் 11, புதன்கிழமை, நானும் போறேன். அன்னைக்கு கடை ரெண்டு மணிக்கு மேலதான், அவசர டைப்பிங் இருக்கறவங்க முந்தின நாளே குடுத்துருங்க.